கணினியை இரவில் நூர்ப்பதா, விடுவதா: ஒரு திருகோணமலைக் கணக்கு

வீட்டுக் கணினி விஷயத்தில் திருகோணமலையில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி வேலை முடிந்த கையோடு நூர்த்து, சுவர் சுவிட்சையும் தட்டி, பிளக்கையும் கழற்றிவிட்டுத்தான் படுக்கப் போகும். மற்றக் கட்சி, "போட்டுப் போட்டு நூர்த்தால் கெதியிலை பழுதாப் போயிடும் தம்பி, அது தன்ரை பாட்டிலை கிடக்கட்டும்" என்று சொல்லும். இந்த இரண்டாவது கட்சியைச் சோம்பேறிகள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் சொல்வதில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த நியாயம் பிறந்தது வேறு வகை இயந்திரங்களைப் பார்த்து, கரண்ட் போகாத ஊர்களில். இங்கே விடையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் கணினிப் பெட்டிக்கு வெளியேதான் இருக்கின்றன: மின் கட்டணப் படிகள், சொல்லாமல் போகும் கரண்ட், ஐப்பசி இடி, உப்புக் காற்று.

முதலில் பழைய நியாயத்தைப் பார்ப்போம். எந்த மின்கருவியும் போடும்போது சூடேறும், நூர்த்தால் ஆறும். சூட்டில் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும். இது ஆயிரக்கணக்கான தடவை நடந்தால் மதர்போர்டில் (பாகங்கள் எல்லாம் பொருந்தியிருக்கும் முதன்மைப் பலகையில்) உள்ள ஈயப் பற்றுகளில் நுண்ணிய வெடிப்பு வரலாம். பழைய குமிழ் பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் போனதும் இந்த வகைக் கதைதான். அதோடு அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கில், தட்டு நின்றதும் வாசிக்கும் முனை தட்டின்மேலேயே வந்து இறங்கும். மறுபடி சுழலத் தொடங்கும்போது உரசிக்கொண்டுதான் எழும்பும். ஆகவே "விட்டுவிடு" என்ற ஆலோசனை அன்றைக்குப் பைத்தியக்காரத்தனம் இல்லை.

பிறகு வந்த டிஸ்க்குகளில் முனை தட்டைத் தொடுவதே இல்லை. ஓரத்தில் உள்ள சிறு சரிவில் ஏறி நின்றுகொள்ளும். கரண்ட் திடீரென்று போனால்கூட, சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து முனையைப் பத்திரமாக ஒதுக்கிவிடும். சாதாரண மேசைக் கணினி டிஸ்க்குக்கே 50,000 தடவை நின்று தொடங்கலாம் என்று தயாரிப்பாளர்கள் அளவு தருகிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றாலும் 68 வருடம். அந்த டிஸ்க் 68 வருடம் இருக்கப் போவதில்லை, ஆனால் சாகிறதென்றால் வேறு காரணத்துக்காகச் சாகும். கூகுள் பொறியியலாளர்கள் 2007இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார்கள். புதிய டிஸ்க்குகளில், போட்டு நூர்க்கும் எண்ணிக்கைக்கும் பழுதுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. மூன்று வருடம் தாண்டியவற்றில் மட்டும், அதிகம் போட்டு நூர்த்தவை இரண்டு வீதத்துக்குச் சற்று மேலாகக் கூடுதலாகப் பழுதாகின. அதற்கும் அவர்களே ஒரு குறிப்பு வைத்தார்கள்: ஏற்கெனவே கோளாறு பிடித்த கணினியைத்தானே திருத்துகிறவர்கள் அடிக்கடி நூர்த்துப் போடுவார்கள், எது காரணம் எது விளைவு என்று எப்படிச் சொல்வது?

இப்போது பெரும்பாலான வீடுகளில் எஸ்.எஸ்.டி., அதாவது தட்டு இல்லாமல் சில்லுகளிலேயே எழுதிவைக்கும் டிஸ்க், வந்துவிட்டது. அதில் சுழல ஒன்றும் இல்லை. சூட்டின் பக்கமோ எதிர்த்திசையில் வாதாடுகிறது. பவர் சப்ளைக்குள் இருக்கும் மின்தேக்கிகள் ஒவ்வொரு 10 பாகை குறைவுக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆயுள் பெறும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. வைகாசி, ஆனியில் கச்சான் வீசும்போது நமது வீட்டு அறையே 34, 35 பாகையில் கிடக்கும். அந்த அறையில் 24 மணி நேரமும் ஓடும் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. குளிரூட்டிய அறையில் வருடக்கணக்காக ஓடும் சேர்வரைக் காட்டி வீட்டுக் கணினிக்கு வாதாடுவது பொருந்தாது.

அடுத்தது கரண்ட் பில். "போடும்போதுதான் கூடக் கரண்ட் இழுக்கும், அதனால் விடுவதே இலாபம்" என்ற பேச்சை முதலில் முடித்துவிடலாம். கணினி எழும்ப ஒரு நிமிடம் எடுக்கிறது, அந்த நிமிடம் 100 வாட் இழுக்கிறது என்று வைப்போம். அதே கணினி ஒருவரும் தொடாமல் 80 வாட்டில் சும்மா கிடந்தால், அந்த அளவு மின்சாரத்தை ஒன்றேகால் நிமிடத்தில் தின்றுவிடும். சுவிட்சைப் போட்டதும் பாயும் பெரிய மின்னோட்டம் மில்லிவிநாடிக் கணக்கில் முடிந்துவிடும்; மீட்டரில் அது தெரியாது.

80 வாட் என்பது சாதாரண மேசைக் கணினிக்கு நியாயமான மதிப்பீடு: பெட்டிக்கு 60, மொனிட்டருக்கு 20. விளையாட்டுக்கென்று பெரிய கிராபிக்ஸ் கார்ட் போட்டவர்கள் கூட்டிக்கொள்ளட்டும். 80 வாட் 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 1.92 யூனிட், 30 நாளுக்கு கிட்டத்தட்ட 58. நாளுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் என்றால் 12. வித்தியாசம் 46 யூனிட்.

அந்த 46 யூனிட்டுக்கு எவ்வளவு காசு என்று கேட்டால், வீட்டுக்கு வீடு விடை மாறும். இதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டுப் பாவனைக்கு நமது கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு அட்டவணை. 60ஐத் தாண்டிவிட்டால் வேறு அட்டவணை. முதல் 60 யூனிட்டையும் அதிலேதான் கணக்குப் பார்ப்பார்கள். பிறகு 90, 120, 180 என்று படிகள், ஒவ்வொரு படிக்கும் நிலையான கட்டணமும் ஏறும். ஒரு சிறிய குடும்பம் கணினி இல்லாமல் 45 யூனிட் பாவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினியை ஐந்து மணி நேரம் போட்டால் 57, இன்னும் கீழ்ப் படியில்தான். நூர்க்காமல் விட்டால் 103. இரண்டு படி தாண்டியாகிவிட்டது, அதோடு பழைய 45 யூனிட்டின் விலையும் ஏறிவிட்டது. ஃபிரிட்ஜும் தண்ணி மோட்டரும் உள்ள நடுத்தர வீடு 130இல் நின்றால், 142 எங்கே, உச்சப் படியில் போய் விழும் 188 எங்கே? சும்மா கிடக்கும் கணினியின் யூனிட்டுகள் எப்போதும் பில்லின் மேல் நுனியில்தான் போய் உட்காரும். அந்த வீட்டின் ஆக விலை கூடிய யூனிட்டுகள் அவைதான்.

ரூபாயில் ஏன் சொல்லவில்லை என்றால், 2022 ஆவணியிலிருந்து விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. 2025இல் மட்டும் தையில் 20 வீதம் குறைத்தார்கள், ஆனியில் 15 வீதம் கூட்டினார்கள். இன்று எழுதும் ரூபாய்க் கணக்கு அடுத்த திருத்தத்தில் பழசாகிவிடும். படிகளின் அமைப்பு அப்படி அடிக்கடி மாறுவதில்லை. உங்கள் கடைசி பில்லை எடுத்து எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். இந்தக் கேள்விக்கு அரைவாசி விடை அதிலேயே இருக்கும். மடிக்கணினி மட்டும் உள்ள வீட்டில் இந்த வாதம் அவ்வளவு எடுபடாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 15 வாட்டில் மாதம் முழுக்க ஓடினாலும் 11 யூனிட்டைத் தாண்டாது. கூரையில் சோலார் போட்டவர்களின் கணக்கும் வேறு, ஆனால் இரவில் ஓடும் கணினிக்கு வெயில் நேரடியாக உதவாது. சம்பூரில் நிலக்கரி நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டு, அதே ஊரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு 2025 சித்திரையில் தொடக்க விழா நடந்தது. அது நல்ல விஷயந்தான். ஆனாலும் நாட்டின் மின் தேவை உச்சத்தில் நிற்பது மாலை ஆறரையிலிருந்து இரவு பத்தரை வரை, சூரியன் கன்னியாப் பக்கம் இறங்கிய பிறகு.

போடுவது, நூர்ப்பது என்ற இரண்டுக்கும் நடுவில் வேறு நிலைகளும் உண்டு. வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் தொடாத பொத்தான்கள் அவை. 'ஸ்லீப்' என்றால், திறந்திருந்த எல்லாம் நினைவகத்தில் இருக்க, மற்றப் பாகங்கள் நின்றுவிடும்; மேசைக் கணினியில் இரண்டு, மூன்று வாட்தான் போகும். மேலே சொன்ன சிறிய குடும்பம் மீதி 19 மணி நேரமும் ஸ்லீப்பில் விட்டாலும் மாதத்துக்கு இரண்டு யூனிட்கூடச் செலவாகாது, 60க்குள்ளேயே நிற்கும். 'ஹைபர்னேட்' என்றால் நினைவகத்தில் இருந்ததை அப்படியே டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுக்க நின்றுவிடும். பிளக்கைக் கழற்றினாலும் ஒன்றும் தொலையாது. எஸ்.எஸ்.டி. தேய்ந்துவிடுமே என்று சிலர் பயப்படுவார்கள். ஒவ்வொரு இரவும் 4 ஜிகாபைட் எழுதினாலும் வருடத்துக்கு ஒன்றரை டெராபைட்டுக்குள். 240 ஜிகாபைட் மலிவு எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கே 80 டெராபைட் வரை எழுதலாம் என்று அளவு தருகிறார்கள். ஐம்பது வருடக் கணக்கு அது.

இதில் விண்டோஸ் ஒரு குழப்பத்தையும் வைத்திருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து, 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுதாக நூர்வதில்லை. விரைவாக எழும்ப வேண்டும் என்பதற்காக, இயங்குதளத்தின் அடித்தளப் பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்க வைப்பது 'ரீஸ்டார்ட்'தான். பிரிண்டர் வேலை செய்யவில்லை, வைஃபை பிடிக்கவில்லை என்று மூன்று நாளாக நூர்த்து நூர்த்துப் போட்டவர் ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாகிவிட்டது என்று ஆச்சரியப்படுவது இதனால்தான். மாதக்கணக்காக நூர்க்காமல் விடுவதில் வேறு வகைத் தொல்லையும் இருந்தது. விண்டோஸ் 95, 98 இரண்டும் மில்லிவிநாடிகளை 32 பிட் எண்ணில் எண்ணின. அந்த எண் நிரம்ப 49.7 நாள் எடுக்கும். நிரம்பியதும் கணினி உறைந்துவிடலாம். அவ்வளவு நாள் உறையாமல் அவை ஓடியிருந்தால்தானே தெரியவரும் என்று அப்போதே பகிடி உண்டு.

நடுநிலைகளைப் பற்றிய இந்தப் பேச்சு, கரண்ட் ஒழுங்காக இருக்கும் ஊருக்கு இதோடு போதும். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு வரை பார்த்தவர்கள் நாம். 2025 மாசி (பெப்ரவரி) 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி முழு இலங்கையும் இருண்டது. 2020 மார்கழியில் புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய இரவை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்லீப்பில் உள்ள மேசைக் கணினிக்குக் கரண்ட் போனால் நினைவகத்தில் இருந்தது போய்விடும். விண்டோஸில் 'ஹைபிரிட் ஸ்லீப்' என்று ஒன்று இருக்கிறது. அது நினைவகத்திலும் வைத்துக்கொள்ளும், டிஸ்க்கிலும் எழுதிவிடும். கரண்ட் போகாவிட்டால் சட்டென்று எழும்பும், போனால் சற்றுத் தாமதித்து எழும்பும். பல மேசைக் கணினிகளில் அது ஏற்கெனவே இயங்கும் நிலையில் இருக்கிறது. ஒருமுறை பவர் அமைப்புகளில் போய்ப் பார்ப்பது நல்லது. நமது ஊருக்கென்று செய்ததுபோல் ஒரு வசதி.

எழும்பி ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குத்தான் ஆபத்து கூட. எஸ்.எஸ்.டி., எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் கரண்ட் அறுந்தால் அந்த வரைபடம் குழம்பலாம், சில வேளை டிஸ்க்கே கண்ணில் படாமல் போகலாம். இதற்குத்தான் கரண்ட் போனால் பற்றரியில் சற்று நேரம் தாங்கும் யூ.பி.எஸ். இருக்கிறதே என்பார்கள். 650 வீ.ஏ. வகைச் சிறிய யூ.பி.எஸ்.ஸில் வழக்கமாக உள்ளது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பற்றரி ஒன்று. புதிதில்கூட 80 வாட்டை அரைமணி நேரம் தாங்காது. ஈய பற்றரிக்கு 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு 10 பாகையும் ஆயுளைப் பாதியாக்கும் என்பதால் நமது வெக்கையில் இரண்டு, மூன்று வருடத்தில் அது பெயருக்குத்தான் இருக்கும். நீங்கள் முன்னால் இருந்தால் அந்தச் சில நிமிடம் போதும், சேமித்துவிட்டு நூர்க்கலாம். இரவு இரண்டு மணிக்குப் போனால்? யூ.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று கத்தி ஓய்ந்த பிறகு கணினி அப்படியே அறுந்து விழும். சில யூ.பி.எஸ்.களோடு யூ.எஸ்.பி. கேபிள் ஒன்று வரும்; அதைப் பூட்டினால் பற்றரி முடியும் முன்னே விண்டோஸ் தானாக ஹைபர்னேட் ஆகிவிடும். நான் பார்த்த வீடுகளில் அந்தக் கேபிள் இன்னும் பெட்டிக்குள்தான் கிடக்கிறது.

கரண்ட் திரும்பி வரும் கணமும் நல்லதில்லை. தெருவில் உள்ள ஃபிரிட்ஜ், மோட்டர் எல்லாம் ஒன்றாக இழுக்கும்போது வோல்ட் விழும், ஏறும். வந்ததும் உடனே கணினியைப் போடாமல் ஐந்து நிமிடம் பொறுப்பது பழைய பழக்கம், நல்ல பழக்கமும்கூட. கரண்ட் வந்ததும் தானே எழும்பும்படி பயாஸில் (விண்டோஸுக்கு முன்னே ஓடும் மதர்போர்டின் அமைப்பில்) அமைத்திருந்தால் அதை மாற்றிவிடுங்கள்.

இடிக்கு வருவோம், எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய காரணம். சித்திரையிலும் ஐப்பசியிலும், இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட நாட்களில், மத்தியானம் வரை வெயில் கொளுத்தும். பின்னேரம் கறுத்துக்கொண்டு வந்து இடிக்கும். இந்த நாட்களில் கணினி நூர்த்திருக்கிறதா இல்லையா என்பதே பிழையான கேள்வி. பிளக் சுவரில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். நூர்த்த பிறகும் பவர் சப்ளையில் ஒரு சிறு பகுதி 5 வோல்ட்டை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சுவர் சுவிட்சைத் தட்டினால் அது நிற்கும். ஆனால் அந்தச் சுவிட்சுக்குள் இருப்பது சில மில்லிமீற்றர் இடைவெளி. பக்கத்தில் விழும் மின்னல் கம்பியில் தூண்டும் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு அது ஒரு தாண்டல். பல சுவிட்சுகள் ஒரு கம்பியைத்தான் துண்டிக்கும், மற்றது இணைந்தே இருக்கும்.

சர்ஜ் புரொட்டெக்டர் வாங்கியவர்கள் நிம்மதியாகத் தூங்குவதையும் பார்க்கிறேன். அது கூடுதல் வோல்ட்டை எர்த் கம்பி வழியாகத் தரைக்கு அனுப்பும் கருவி. எர்த் சரியில்லை என்றால் அனுப்ப வழியில்லை. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீட்டு நிலம் கடல் மணல். கோடை முழுக்கக் காய்ந்த மணல் மின்சாரத்தை இலகுவில் வாங்காது. முதல் இடி வருவதோ அந்தக் கோடையின் முடிவில். மெயின் போர்டில் ட்ரிப் சுவிட்ச் விழுகிறதே என்றால், அது மனிதருக்கு ஷொக் அடிக்காமல் காப்பதற்கு. கணினியைக் காக்க அல்ல. செம்புக் கம்பியில் வரும் தொலைபேசி இணைப்பு, டிஷ் அன்ரனா கேபிள் ஆகியவை வழியாகவும் மின்னல் வீட்டுக்குள் வரும். ஃபைபர் கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது, ஆனால் ரவுட்டரின் அடப்டர் சுவரில்தானே இருக்கிறது. அங்கிருந்து லேன் கேபிள் வழியே கணினிக்கும் போகலாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி என்றால் அது 10 கிலோமீற்றருக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்னரே கழற்றிவிட வேண்டும். தலைக்குமேலே இடிக்கும்போது போய்ப் பிளக்கில் கை வைப்பது கணினிக்காக உயிரைக் கொடுக்கிற வேலை. பகலில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீட்டில், இந்த மாதங்களில் காலையிலேயே கழற்றிவிட்டுப் போவது உத்தமம்.

விட்டுவிடும் கட்சிக்கு ஒரேயொரு நல்ல வாதம் மிச்சம் இருக்கிறது, அதைத் தந்தது கடல். உப்புத் தூள் காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். வாடை வீசும் மாரி இரவுகளில் அந்த அளவு சாதாரணம். மதர்போர்டில் படிந்த உப்பு இப்படிக் கசிந்தால் செம்பும் தொடுபுள்ளிகளும் அரிக்கும். ஓடும் கணினிக்குள் வெக்கை இருப்பதால் அங்கே ஈரப்பதன் குறைவு, உப்பு காய்ந்தே கிடக்கும். மாதக்கணக்காகப் பூட்டிவைத்த வீட்டில் கணினி எழும்பாமல் போக, திருத்துகிற கடையில் ரேம் என்ற நினைவகத் தகட்டைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் பூட்ட உயிர் வருவது இந்தக் கதைதான். ஆனால் ஓடும்போது மின்விசிறி அதே உப்புக் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டும் இருக்கிறது. ஆகவே கடற்கரை வீட்டுக்கு நடுவழிதான் சரி: நாளுக்குச் சில மணி நேரம் பாவித்தால் உள்ளே காயும், மீதி நேரம் நூர்ந்திருந்தால் உப்பு குறைவாகச் சேரும். பயணம் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் யாரிடமாவது வாரத்துக்கு ஒருமுறை போட்டுவிடச் சொல்லலாம்.

இரவில் விடுவதற்கு ஊரில் பொதுவாகச் சொல்லும் காரணம் டவுன்லோட். நள்ளிரவுக்குப் பிறகு தனியாக டேட்டா தரும் இணையப் பொதிகள் இருப்பதால் அந்த நேரத்துக்கு ஒதுக்கிவைப்பார்கள். நியாயந்தான், ஆனால் இரண்டு மணிக்கு முடிந்த டவுன்லோடுக்காக விடியும்வரை கணினி விழித்திருக்கத் தேவையில்லை. முடிந்ததும் நூர்ந்துவிடும் அமைப்பு பெரும்பாலான டவுன்லோட் மென்பொருள்களில் இருக்கிறது. மொனிட்டரையாவது கையால் நூர்த்துவிட்டுப் படுங்கள். விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஐப்பசி (ஒக்டோபர்) 14ஆம் திகதியோடு பொதுவாக நின்றுவிட்டதால், பழைய கணினியை இரவெல்லாம் இணையத்தில் விட்டுவைப்பதும் முன்னைப்போல் இலேசான விஷயம் இல்லை.

பிளக்கைக் கழற்றும் கட்சிக்கும் ஒரு சில்லறைத் தொல்லை காத்திருக்கிறது. பிளக் சுவரில் இருக்கும்வரை கணினியின் கடிகாரம், நூர்த்த பிறகும் வரும் அந்த 5 வோல்ட்டில் ஓடும். கழற்றினால் மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிறு பற்றரியைத் தின்னத் தொடங்கும். அது தீர்ந்துபோனால் திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கும், வங்கித் தளமும் மின்னஞ்சலும் 'பாதுகாப்பற்றது' என்று திறக்க மறுக்கும். பலர் வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே மாற்றிப் போடுகிறார்கள். சீ.ஆர்.2032 என்று கேட்டால் கைக்கடிகாரம் திருத்துகிற கடையிலும் அந்தப் பற்றரி கிடைக்கும்.